பத்துக் கிலோ கோப்பி எட்டுக் கிலோவான கதை

எனது ராத்தாவின் மகன் கட்டாரில் 11 வருடங்கள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் அஸருக்குப் பின் கையில் ஒரு கோவையுடன் எனது கடைக்கு வந்தார். உள்ளே ஒரு கொட்டேசன் இருந்தது. இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் எஸ்பிரசோ ஊற்றக்கூடிய இத்தாலி இயந்திரம், அதனோடு ஓர் அரைக்கும் இயந்திரம். கீழே இருந்த தொகையைப் பார்த்தேன். அவர் பாலைவன வெயிலில் சேர்த்த பணத்தில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். மீதிக் குறைக்கு மனைவியின் நகையை அடகு வைப்பதென்று முடிவு செய்திருந்தார்.

"மாமா, எல்லாக் கணக்கும் போட்டுட்டன். நீங்க ஒரு சொல்லு சொன்னாக் காணும்" என்றார்.

"மகன், மெஷின எப்பவும் வாங்கலாம். நீங்க இதுவரைக்கும் ஒரு பிடி கொட்டையாவது வறுத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

சிரித்தார். "அதுக்குத்தானே மாமா வறுத்த கோப்பி பக்கெட்டுல வருது."

அந்தப் பதில்தான் என்னைப் பயமுறுத்தியது. ஏனென்றால் அதே நம்பிக்கையோடு இதே சரக்கில் இறங்கி நானும் ஒரு முறை கை சுட்டுக்கொண்டவன். ஆகவே அவரிடம் ஒரு நிபந்தனை வைத்தேன். மூன்று மாதம் வீட்டில் பச்சைக் கொட்டையை வறுத்து, சிறிய இயந்திரம் ஒன்றில் எஸ்பிரசோ போட்டுப் பழகவேண்டும். அதன் பிறகும் அந்தப் பெரிய இயந்திரம் தேவையென்று சொன்னால் நானே கூட வந்து முற்பணம் கட்டுகிறேன் என்றேன். அந்த மூன்று மாதத்தில் நாங்கள் இருவரும் படித்ததைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். கடை போடும் எண்ணம் இல்லாத வாசகர்களுக்கும் வீட்டில் நல்ல கோப்பி குடிக்க இது உதவும்.

நமக்குப் புதிதல்ல

எஸ்பிரசோ என்றவுடன் அது வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். கோப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. அதைப் பானமாக்கி உலகுக்குத் தந்த ஊர் யெமன். 15ஆம் நூற்றாண்டில் அங்குள்ள ஸூபி ஞானிகள் இரவு வணக்கத்தில் விழித்திருக்க இதை அருந்தினார்கள். யெமனின் மொக்கா துறைமுகத்திலிருந்துதான் நீண்ட காலம் உலகுக்குக் கோப்பி போனது. அறபுச் சொல்லான கஹ்வா, துருக்கியில் கஹ்வேயாகி, ஐரோப்பிய மொழிகளுக்குள் போய், ஒல்லாந்தரின் நாவில் புரண்டு, நம் வாயில் கோப்பியாக நிற்கிறது. லண்டனில் எட்வர்ட் லொயிட் என்பவர் 1680களில் நடத்திய கோப்பிக் கடையில் கூடிய கப்பல் வியாபாரிகளிடமிருந்தே பிற்காலத்தில் லொயிட்ஸ் என்ற பெரும் காப்புறுதிச் சந்தை உருவானது. வியாபாரிக்கும் கோப்பிக்கும் உள்ள உறவு பழையது.

நமது நாட்டின் கதையும் தெரிந்ததே. தேயிலைக்கு முன் இலங்கை கோப்பி நாடு. கண்டிப் பிரதேசக் கிராமத்தவர் விளைவித்த கோப்பியை வாங்கித் தவளம் மாடுகளில் ஏற்றி இறக்கியதில் நம்மவர்களுக்கும் பங்கிருந்தது. 1869இல் இலையில் மஞ்சள் தூளாகப் படிந்த துரு நோய் இங்கு கண்டறியப்பட்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் தோட்டங்கள் அழிந்தன. அதற்கு இரண்டு வருடம் முன்னர், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. ஆனால் வீட்டுத் தோட்டத்துக் கோப்பி முற்றாக அழியவில்லை. எங்கள் உம்மாமார் தாச்சியில் கோப்பிக் கொட்டை வறுத்து, கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்து உரலில் இடித்த வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஆகவே வீட்டில் கோப்பி வறுப்பது நமக்குப் புதுப் பழக்கமல்ல, விட்டுப்போன பழக்கம்.

கொட்டை வாங்கும்போது

முதலில் இனத்தைப் பார்க்க வேண்டும். அரபிக்காக் கொட்டை நீள்வட்டமாக இருக்கும், நடுக்கோடு வளைந்து போகும். ரொபஸ்டா உருண்டையாக இருக்கும், கோடு பெரும்பாலும் நேராக ஓடும். ரொபஸ்டாவில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கசப்பும் கூட. ஆனால் எஸ்பிரசோவின் மேல் நிற்கும் பொன்னிற நுரை அதில்தான் தடிப்பாக வரும். அதனால் இத்தாலியக் கலவைகள் பலவற்றில் அரபிக்காவுடன் கொஞ்சம் ரொபஸ்டாவும் சேர்ப்பார்கள். நமது தாழ்நில, நடுநிலக் கிராமங்களில் கிடைப்பது அதிகம் ரொபஸ்டாவே. அதை மட்டமென்று ஒதுக்க வேண்டாம். பழுத்த பழமாகப் பறித்து, மண்ணில் போடாமல் பாயிலோ தட்டிலோ காயவைத்த ரொபஸ்டா நல்ல சரக்கு.

அடுத்தது ஈரம். நன்றாகக் காய்ந்த பச்சைக் கொட்டையில் ஈரம் 10 முதல் 12 வீதம் இருக்கும். அதற்கு மேல் இருந்தால் நீங்கள் கோப்பி விலையில் தண்ணீர் வாங்குகிறீர்கள். பூஞ்சணமும் பிடிக்கும். அளவுகோல் இல்லாதவர் கொட்டையைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்கலாம். பல் பதிந்தால் ஈரம், பதியாமல் கடினமாக நின்றால் காய்ந்தது. வறுக்கும் முன் ஒரு சுளகில் பரப்பி, கறுத்தது, உடைந்தது, வண்டு துளைத்தது எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். ஒரு கெட்ட கொட்டை ஒரு கோப்பையைக் கெடுக்கும்.

வறுக்கும் முறை

பெரிய உபகரணம் தேவையில்லை. கனமான இரும்புத் தாச்சி, மரக் கரண்டி, ஒரு சுளகு, ஒரு மின்விசிறி போதும். 200 கிராமுக்கு மேல் ஒரு தடவையில் போட வேண்டாம். போட்டால் அடியில் கருகும், மேலே பச்சையாக நிற்கும். கையால் சுற்றும் சிறிய உருளை கிடைத்தால் இன்னும் நல்லது.

நடுத்தர நெருப்பில், கை எடுக்காமல் கிளற வேண்டும். முதல் நான்கைந்து நிமிடத்தில் ஈரம் போய்ப் பச்சை நிறம் மஞ்சளாகும். காய்ந்த புல்லின் மணம் வரும். பிறகு பாண் சுடும் மணம் வரும், நிறம் மண்ணிறமாகும். உமி போன்ற மெல்லிய தோல் கழன்று பறக்கத் தொடங்கும். கொட்டையின் சூடு 196 பாகை செல்சியஸை நெருங்கும்போது சோளம் பொரிவதுபோல் பட், பட் என்று வெடிக்கும். இது முதல் வெடிப்பு. இந்த இடத்திலிருந்து கோப்பி குடிக்கத் தகுந்ததாகிறது. தொடர்ந்து சூடேற்றினால் சத்தம் ஓய்ந்து, 224 பாகையளவில் இரண்டாம் வெடிப்பு வரும். அதன் சத்தம் மெல்லியது, நெருப்பில் உப்புத் தூவியதுபோல் இருக்கும். கொட்டையில் எண்ணெய் கசியும். அதற்கு அப்பால் போனால் கரிதான்.

எஸ்பிரசோவுக்கு முதல் வெடிப்பு முடிந்து இரண்டாவது தொடங்கும் இடைவெளியில் இறக்குவது நல்லது. புளிப்பும் அடங்கியிருக்கும், கசப்பும் ஏறியிருக்காது. தாச்சியில் இந்த வேலை முழுவதும் 12 முதல் 15 நிமிடம் எடுக்கும். இறக்கியவுடன் சுளகில் கொட்டி, விசிறிக்கு முன் வைத்துப் புடைக்க வேண்டும். தோலும் பறந்துவிடும், கொட்டையும் நான்கு நிமிடத்துக்குள் ஆறும். ஆறாவிட்டால் உள்ளே இருக்கும் சூட்டில் தொடர்ந்து வறுபடும். மருமகன் முதல் வாரம் இறக்கிய மூன்று தடவையும் இப்படித்தான் கருகின.

எச்சரிக்கை ஒன்று: புகை அதிகம் வரும், காய்ந்த தோல் தீப்பற்றும். யன்னலைத் திறந்து வைத்து, அடுப்பை விட்டு நகராமல் செய்யுங்கள். தொலைபேசி அடித்தாலும் எடுக்காதீர்கள்.

வறுத்த அன்றே எஸ்பிரசோ போடவும் கூடாது. வறுத்த கொட்டைக்குள் காபனீரொட்சைட்டு வாயு நிறைந்திருக்கும். அது ஐந்து முதல் ஏழு நாளில்தான் போதிய அளவு வெளியேறும். அதற்குள் போட்டால் வெறும் நுரையாக வந்து சுவை கிடைக்காது. அந்த வாயு வெளியேற வழி விட்டு மூடி வையுங்கள்.

நான் பட்ட நட்டம்

இப்போது எனது கதை. நான் மிளகு, கறுவா, கராம்பு வாங்கி விற்பவன். சில வருடங்களுக்கு முன் வறுத்த கோப்பி கேட்டு ஒரு வாடிக்கையாளர் வந்தார். விலையைச் சொல்லிவிட்டேன். கணக்கு விளங்குவதற்காகப் பச்சைக் கொட்டை கிலோ 1,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நான் மிளகுக்குப் போடுவதுபோல் 15 வீதம் இலாபம் வைத்து 1,150 ரூபா என்றேன். 10 கிலோ வறுத்துத் தராசில் வைத்தால் 8 கிலோ 400 கிராம்தான் நின்றது.

வறுக்கும்போது ஈரமும் வேறு பொருட்களும் ஆவியாகிப் போகின்றன. வறுவலைப் பொறுத்து 12 முதல் 20 வீதம்வரை நிறை குறையும். கொட்டை ஊதிப் பெருத்துப் பாத்திரத்தில் கூடியதுபோல் தெரியும், தராசு மட்டும் உண்மையைச் சொல்லும். 10,000 ரூபாவுக்கு வாங்கியதை 9,660 ரூபாவுக்கு விற்றேன். வாயுச் செலவு, கூலி, பொதி எல்லாம் இதற்கு மேல். சொன்ன சொல்லை மாற்றாமல் அந்த ஓடரை முடித்துக் கொடுத்தேன். அந்த நட்டத்தை வீட்டில் சொல்லக்கூட வெட்கப்பட்டேன்.

பொறுக்கி எறியும் கெட்ட கொட்டை அரைக் கிலோவையும் சேர்த்தால் 10 கிலோ ஏறக்குறைய 8 கிலோவாகும். ஆகவே இப்போது எனது விதி இதுதான்: பச்சைக் கொட்டையின் விலையை எட்டால் பிரித்துப் பத்தால் பெருக்கு. 1,000 ரூபாக் கொட்டை வறுத்த பின் 1,250 ரூபா. இலாபக் கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மருமகனின் கோவையில் இந்த வரியே இருக்கவில்லை.

நிறை குறைவதை ஈடுகட்டச் சிலர் வேறு வழி தேடுகிறார்கள். வறுத்த சோளத்தையும் வேறு தானியத்தையும் அரைத்துக் கலக்கிறார்கள். கொத்தமல்லி சேர்த்தால் சேர்த்திருக்கிறது என்று பொதியில் எழுதி விற்கலாம், அது நமது வழக்கம். சொல்லாமல் கலப்பது வேறு. குளிர்ந்த தண்ணீரில் ஒரு கரண்டி தூளைத் தூவிப் பாருங்கள். சுத்தமான கோப்பித் தூள் சிறிது நேரம் மிதக்கும். சிக்கரி போன்ற கலப்படம் உடனே அடியில் இறங்கி நீரை நிறமாக்கும். இன்று வாடிக்கையாளர்களுக்கும் இந்தச் சோதனை தெரியும்.

இயந்திரத்தைப் புரிந்துகொள்ளல்

எஸ்பிரசோ என்பது ஒரு கொட்டையின் பெயரல்ல, ஒரு முறை. நன்றாக அரைத்து அழுத்திய தூளுக்குள் சூடான நீரை அழுத்தத்தோடு செலுத்துவது. 1884இல் இத்தாலியின் டூரின் நகரில் அஞ்சலோ மொரியொண்டோ இதற்கு முன்னோடியான இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1901இல் மிலானில் லூயிஜி பெசேரா அதைக் கோப்பை கோப்பையாக ஊற்றும்படி செய்தார். அவை நீராவியின் பலத்தில் இயங்கியவை. 1938இல் அக்கில்லே காஜியா காப்புரிமை பெற்ற முறையே பிறகு நெம்புகோல் இயந்திரமாகி உயர்ந்த அழுத்தத்தைத் தந்தது. இன்று நாம் காணும் நுரை அதிலிருந்து வந்தது. 1961இல் வந்த ஃபாயெமா ஈ61 மின்பம்பியால் வேலையை இலகுவாக்கியது.

தேவையான அழுத்தம் 9 பார். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் 2 பார் அளவு என்று நினைத்துப் பார்த்தால் இதன் பலம் புரியும். கடைகளில் பெட்டியின் மேல் 15 பார், 20 பார் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அது பம்பி தரக்கூடிய உச்சம். கோப்பைக்குத் தேவை 9தான். பெரிய எண்ணைப் பார்த்துக் காசைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

அளவுகள் இலகு. 18 கிராம் தூள். 90 முதல் 96 பாகை சூட்டில் நீர். 25 முதல் 30 விநாடியில் 36 கிராம் பானம். 15 விநாடியில் ஓடி வந்தால் தூள் கரடு, புளித்து நீர்த்துப்போகும். 45 விநாடிவரை சொட்டினால் தூள் மிக நுண்மை, கசக்கும். அரைக்கும் இயந்திரத்தை ஒரு பல் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும். எனவேதான் சொல்கிறேன், காசு குறைவாக இருந்தால் எஸ்பிரசோ இயந்திரத்தில் குறையுங்கள், அரைக்கும் இயந்திரத்தில் குறைக்காதீர்கள். கத்தி சுற்றும் கிரைண்டர் தூளையும் நொய்யையும் சேர்த்துத் தரும். இரு பற்சில்லுகளுக்கிடையே அரைக்கும் வகையே உதவும்.

மின்சாரமில்லாமல் கையால் அழுத்தும் சிறிய இயந்திரங்களும் உண்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு அனுபவித்த நமக்கு அவற்றின் அருமை விளங்கும். 1933இல் அல்பொன்சோ பியலெத்தி அறிமுகப்படுத்திய மொக்கா பாத்திரம் அடுப்பில் வைப்பது. அதன் அழுத்தம் 1, 2 பார் மட்டுமே. அது எஸ்பிரசோ அல்ல, ஆனால் பால் சேர்த்துக் குடிக்கத் தடிப்பான நல்ல கோப்பி தரும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவர்கள் மின்னழுத்தத்தைப் பாருங்கள். நமது மின்சாரம் 230 வோல்ட். யப்பான் சாமான் 100 வோல்ட், அமெரிக்கச் சாமான் 120 வோல்ட். நீரைச் சூடாக்கும் இயந்திரம் 1,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதற்கான டிரான்ஸ்போமர் பாரமும் விலையும் கூடியது. யாழ்ப்பாணம், புத்தளம், அநுராதபுரம் போன்ற உலர்வலயப் பகுதிகளின் கிணற்று நீர் கடினமானது. சுண்ணாம்பு படிந்து குழாய் அடைக்கும். வடிகட்டிய நீர் ஊற்றி, காலத்துக்குக் காலம் படிவை அகற்ற வேண்டும். வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையல்ல. பழுதானால் யார் வந்து பார்ப்பார், இறப்பர் வளையம் எங்கே கிடைக்கும் என்பதே.

கோப்பிக்கு ஒரு கொப்பி

மருமகனிடம் ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு வறுவலுக்கும் போட்ட நிறை, எடுத்த நிறை, முதல் வெடிப்பு வந்த நிமிடம், இறக்கிய நிமிடம், ஏழாம் நாள் சுவை எல்லாவற்றையும் எழுதவேண்டும் என்றேன். மூன்று மாதத்தில் 41 வறுவல் எழுதியிருந்தார். முதல் பத்தும் குடிக்க முடியாதவை. கடைசிப் பத்தும் ஒன்றைப்போல் ஒன்று. வாடிக்கையாளர் இரண்டாம் முறை வருவது அந்த ஒரே மாதிரிச் சுவைக்காகத்தான்.

அதே கொப்பியில் கோப்பைக் கணக்கும் இருந்தது. ஒரு கிலோவில் 18 கிராம்படி 55 தடவை ஊற்றலாம். காலையில் இயந்திரத்தைச் சரிசெய்யும்போது வீணாவதைக் கழித்தால் 50. மேலே சொன்ன 1,250 ரூபாக் கணக்கில் ஒரு கோப்பைக்குக் கொட்டைச் செலவு 25 ரூபாதான். "மாமா, கொட்டை மலிவு. கடை வாடகையும் மெஷின் காசும் பாலும் கரண்டும்தான் ஆளச் சாப்பிடுது" என்றார் ஒரு நாள். நான் பதில் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்துவிட்டார்.

இன்னொன்றையும் கண்டுபிடித்தார். பச்சைக் கொட்டை உலர்ந்த, காற்றோட்டமான இடத்தில் ஒரு வருடம் இருக்கும். வறுத்தது மூன்று நான்கு வாரம் நன்றாயிருக்கும். அரைத்தால் சில நாளிலேயே மணம் போய்விடும். ஆகவே முதலைப் பச்சையில் வைத்திருந்து, ஓடருக்கு மட்டும் வறுப்பவருக்குக் கழிவு குறைவு. வெளிநாட்டுக் கொட்டையை நம்பியிருப்பவருக்கு இரண்டு பக்கமும் அடி விழும். 2022இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை போனதைக் கண்டோம். பிரேசிலின் வரட்சியோடு அரபிக்கா உலகச் சந்தையில் 2024 டிசம்பரில் 1977ஆம் ஆண்டின் உச்சத்தைத் தாண்டி, 2025 பெப்ரவரியில் இறாத்தல் 4 டொலருக்கு மேல் போனது. உள்ளூர்க் கொட்டையில் கை பழகியவருக்கு இப்படிப்பட்ட நாளில் ஒரு பிடிமானம் உண்டு. நடுகையும் பதப்படுத்தலும் அறிய விரும்புவோர் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தை அணுகலாம்.

மூன்று மாதம் முடிந்த அன்று மருமகன் அதே கோவையோடு வந்தார். கொட்டேசன் அதில் இல்லை. பதிலாக மூன்று தங்குவிடுதிகளின் பெயர்கள் இருந்தன. வாரா வாரம் வறுத்த கொட்டை கேட்டிருந்தார்கள். அவருக்குத் தேவைப்பட்டது 5 கிலோ வறுக்கும் உருளையும், கண்டியில் பழுதுபார்க்கும் ஆள் உள்ள, ஏற்கனவே பாவித்த ஒற்றை எஸ்பிரசோ இயந்திரமும்தான். இரண்டும் சேர்த்துப் பழைய கொட்டேசனில் நான்கில் ஒரு பங்குகூட வரவில்லை. நகை வீட்டிலேயே இருக்கிறது.

சொன்னபடி நான் கூடப் போனேன். முற்பணத்தை அவரே கட்டினார். திரும்பி வந்து எனக்கொரு எஸ்பிரசோ போட்டுத் தந்தார். சீனி போடாமல் குடித்தேன். தராசுக்குப் பக்கத்தில் அந்தக் கொப்பி திறந்தபடி இருந்தது. 42ஆவது வறுவலின் நிறையை எழுதிக்கொண்டிருந்தார்: போட்டது 1,000 கிராம், எடுத்தது 842.